ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சரி

புக்கிட் ரம்பாய்,
2 மார்ச் 2025

என் அருமை மருமகள் தாரணிக்கு,

கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கொதிகலனுக்குக் காவல் இருந்தவரும், அது வெடித்து மலாக்கா மாநிலமே கடலுக்குள் போகாமல் இருப்பதற்குத் தானே காரணம் என்று இன்றளவும் நம்புகிறவரும், உன் தாய் பவானேஸ்வரியின் ஒரே தம்பியுமாகிய தம்புசாமி எழுதிக்கொள்வது.

நீ என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்து பத்து மாதம் ஆகிறது. நான் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்கள் ஒற்றை டிக்கோடு வாடிக் கிடக்கின்றன. இதுவரை முந்நூறு பூ. அதனால்தான் தபாலுக்கு வந்தேன். தபால்தலை கேட்டபோது கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், "கடிதமா பாக்சிக்? கடிதமா?" என்று இரண்டு முறை கேட்டாள். அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை குறைகிறதா என்று போன் செய்து விசாரித்திருப்பாள்.

நிற்க. நீ அட்டைத் தொழிலை மூடிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். வாரம் முழுக்கப் புக்கிட் பெருவாங்கில் பல் டாக்டருக்கு உதவியாள், சனி ஞாயிறு வந்தால் கல்யாண அட்டை, சடங்கு அட்டை, மரண அறிவிப்பு என்று எவ்வளவு அழகாக நடத்தினாய். போகட்டும். ஒரு தொழில் போனால் ஒன்பது தொழிலை உண்டாக்கும் ஆற்றல் உன் மாமனுக்கு உண்டு. உன் திறமைக்கும் ஆசைக்கும் ஏற்ற உபதொழில் எது என்று பதினான்கு நாள் உறங்காமல் ஆராய்ந்தேன். (மத்தியானம் உறங்கினேன்.)

முதலில் ஆடு. 2009இல் நான் ஏழு ஆடு வளர்த்தேன், உனக்கு நினைவிருக்கும். முனியாண்டி பூசைக்கு வாங்க ஆள் வந்தபோது ஏழும் என் காலைச் சுற்றிக்கொண்டு நின்றன. விற்க மனம் வரவில்லை. அது என் குறை, ஆட்டின் குறை அல்ல. உனக்கோ கல் மனசு. பெற்ற தாயின் தம்பியைப் பத்து மாதம் பார்க்காமல் இருக்கிறாய். ஆட்டு வியாபாரத்துக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா?

அடுத்து சண்டை மீன். பாட்டிலில் இருக்கும், பேசாது. உனக்குப் பேசாதவர்களைத்தான் பிடிக்கிறது போலும். அது வேண்டாம் என்றால் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரிக்கிற கறிப்பாப். உன் விரலுக்கு அந்த ஓரத்து மடிப்பு கச்சிதமாக வரும். நான் பெட்டியில் அடுக்கிச் சிங்கப்பூர் வரை கொண்டுபோவேன். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் அரிசிக் கோலம். நீ போடு, நான் மேலாளர். விமானத்தில் போகிறவன் குனிந்து பார்த்து, "இதென்ன, பூமிக்கு மருதாணி வச்சிருக்காங்க?" என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆவணியில் உனக்கும் ஹரிதாஸுக்கும் கல்யாணமாமே. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தாய்மாமனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்! அட்டையை நீயேதான் செய்வாய். அதில் தாய்மாமன் என்கிற இடத்தில் என் பெயர் இருக்குமா, இருக்காதா? ஆட்டுக்கும் மீனுக்கும் பதில் போடாவிட்டாலும் இதற்குப் போடு.

அந்த மருதமுத்து விவகாரத்தை விட்டுத் தள்ளு. ஒரே ஒரு பெயர். அதுவும் உண்மையான பெயர்.

இப்படிக்கு,
மாமா தம்புசாமி


புக்கிட் பெருவாங்,
14 மார்ச் 2025

மாமா,

கடிதம் கிடைத்தது. கடிதமாக எழுதியதே நல்லது. நேரில் என்றால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள்.

"ஒரே ஒரு பெயர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் ஊருக்கே சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போது படியுங்கள்.

போன வருடம் மே எட்டாம் தேதி உங்கள் பழைய தோட்டத்து டிராக்டர் டிரைவர் மருதமுத்து தாத்தா இறந்தார். அவருடைய மூத்த மகன் கவிநேசன் அண்ணன் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்தார். நான் எப்படி வேலை செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டு எழுதுவேன். எழுதியதைத் திரும்ப வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுப் பெரியவர் ஒரு சரி சொல்ல வேண்டும். அன்றைக்கு முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு சரி. நீங்கள் எழுதிக் கொடுத்த நாலு வரிக் கவிதைக்கும் ஒரு சரி வாங்கினேன். சரி சொன்ன பிறகு ஒரு புள்ளியைக்கூட நான் தொடமாட்டேன். அதுதான் என் தொழில்.

ஒன்பது மணிக்கு நான் கிளினிக்குக்குப் போக வேண்டும். உங்கள் குரூப்புகளில் அனுப்புவதற்காக உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கவிதை எழுதுவதற்காகக் கொடுத்த, திருத்தக்கூடிய கோப்பு உங்கள் போனில் திறந்தே இருந்தது. நீங்கள் அதில் "மகள்: திலகா, சுங்கை ஊடாங்" என்று சேர்த்து நாற்பத்து மூன்று குரூப்புக்கு அனுப்பினீர்கள். அடியில் என் பெயரும் என் போன் நம்பரும்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பாட்டிக்கு யாரோ அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். அவருடைய கணவருக்கு இன்னொரு வீடு இருந்தது ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதை எழுதி வைத்ததில்லை. பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "அவளையே வந்து அழச் சொல்லு" என்றாராம். சவ வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது.

மூன்றாம் நாள் கவிநேசன் அண்ணன் கிளினிக்குக்கே வந்துவிட்டார். நாற்காலியில் ஒரு சீனக் கிழவி வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அண்ணன் கத்தினார். "நான் சரி சொன்னது முப்பத்தொரு பேருக்கு. முப்பத்திரண்டாவது பேருக்கு யாரு சரி சொன்னா? நீயா? உன் மாமனா?" அந்த வாரம் மூன்று கல்யாண அட்டைக்காரர்கள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒரு அம்மா, "உன் கிட்ட குடுத்தா யாரு பேரு வந்து சேருமோ, பயமா இருக்கு லா" என்றார்.

இப்போது எனக்குத் தொழில் தேடுகிறீர்கள். ஆடு, மீன், கறிப்பாப். எல்லாமே உங்களுக்குப் பிடித்தவை, நீங்கள் பாதியில் விட்டவை. எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டீர்களா? எனக்குக் கோலம் வராது மாமா. வரையவே வராது. அட்டையில் இருந்த மயிலும் குத்துவிளக்கும் கடையில் வாங்கியவை.

எனக்கு வருவது ஒன்றுதான். சின்ன மருமகள் பெயர் பெரியவள் பெயருக்கு முன்னால் வந்தால் வீடு இரண்டாகிவிடும் என்ற நிலையில், போய் உட்கார்ந்து கேட்டு, கடைசிப் பெயருக்கும் சரி வாங்குவது. நானே அதை ஒரு திறமை என்று கண்டுபிடிக்க இருபத்தேழு வயது ஆனது. நீங்கள் அதை ஒரு காலைப் பொழுதில் முடித்து வைத்தீர்கள்.

கல்யாண அட்டையின் பட்டியல் இன்னும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அம்மா.

தாரணி


புக்கிட் ரம்பாய்,
21 மார்ச் 2025

நீதிபதி தாரணி அவர்களின் திருச்சமூகத்துக்கு,

குற்றவாளி தம்புசாமி கைகட்டி நின்று எழுதுவது. தங்கள் தீர்ப்பு கிடைத்தது. படித்தபோது என் வீட்டுச் சுவர் பல்லிகூட வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

இப்போது என் வாதம். மருதமுத்து இருபத்தெட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் சுங்கை ஊடாங் போனதை நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்தாலும் போவார். ஹாண்டிலில் ஒரு பையில் பழம் தொங்கும். யாராவது "எங்கண்ணே?" என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்பார். உலகத்திலேயே அவ்வளவு தூரம் போய்க் காற்று வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். அந்தக் காற்றுக்குப் பெயர் திலகா. அந்த மனிதர் செத்துக் கிடக்கிறார். முப்பத்தொரு பெயர் போட்டிருக்கிறது. கைக்குழந்தை பெயர்கூட இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டது. ஒருவன் வாய் திறந்தான். நான்! பெயரில்லாதவளுக்குப் பெயர் கொடுத்தேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் எனக்கு நாற்சந்தியில் சிலை வைத்திருப்பார்கள்.

உன் சரி, உன் சரி என்கிறாயே. அந்த முப்பத்தொரு சரியும் ஒரு பொய்க்குச் சொன்ன சரிதானே? அதை நீ நல்ல எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறாய். அதற்குத் திறமை என்று வேறு பெயர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தான், மேலே இருப்பவன் சொன்னதை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். உனக்குத் தொழில் நடத்தும் முதுகெலும்பு இல்லை. எவனோ வந்து நாலு சத்தம் போட்டான் என்று கடையை மூடிவிட்டாய். உனக்கு அந்தக் கிளினிக்தான் சரி. அடுத்தவன் வாய்க்குள் குழாயை வைத்து எச்சிலை உறிஞ்சிக்கொண்டு இரு. அங்கேயும் யாரும் பேச முடியாது, உனக்கு நிம்மதி.

அட்டையில் என் பெயரைப் போட்டால் போடு. போடாவிட்டால் மண்டபத்துக்கு வெளியே நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்புசாமி


புக்கிட் பெருவாங்,
6 மே 2025

மாமா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முந்தாநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேன்டீன் சட்டை. "இங்கதான் அட்டை செய்வாங்களா?" என்றார். நிறுத்திவிட்டேன் என்றேன். "தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். நான் திலகா" என்றார்.

அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். மருதமுத்து தாத்தா, மோட்டார் சைக்கிள் மேல் கை வைத்துக்கொண்டு. முதலாம் ஆண்டு நினைவு அட்டை செய்ய வேண்டுமாம்.

"எத்தனை வேணும்க்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு. குரூப்புல போடாதம்மா. எங்கயும் போடாத. அலமாரிக்குள்ள வச்சுக்குவேன்."

நீங்கள் கொடுத்த பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கல்யாணம் பேசும்போது அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லித்தான் இவரைக் கொடுத்தார்களாம். தாத்தாவே அப்படிச் சொல்லச் சொன்னாராம். அதன் பிறகு தாத்தா சனிக்கிழமைகளில் இவர் வேலை செய்யும் கேன்டீனுக்கு வருவார், தேநீர் குடிப்பார், பழப் பையை மேசையில் மறந்தவர் போல வைத்துவிட்டுப் போவார். அவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது அது. அன்றைக்கு அறிவிப்பு மாமியாரின் போனுக்கும் போயிருக்கிறது. "உங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சுன்ன. நேத்து செத்தவன் யாரு?" என்று கேட்டாராம். ஒரு வருடமாக வீட்டுக்காரர் இவரோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. பிறகு சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்குக் கேன்டீன் ஆளுங்க நாலு பேரு சாவுக்குப் போறதா இருந்தாங்க. நானும் கூடப் போயி, யாரோ தோட்டத்து ஆளு மாதிரி ஓரமா நின்னு, ஒரு தடவ மூஞ்சியப் பார்த்துட்டு வந்துரலாம்னு இருந்தேன். சேலைகூட மாத்திட்டேன். அப்பதான் போன்ல என் பேரு வந்துச்சு. அப்புறம் எப்படிப் போறது? பேரு இல்லாம இருந்திருந்தா போயிருப்பேன்மா."

அம்மா உள்ளே போய்விட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உங்க மாமா நல்லவருன்னு சொல்றாங்க. ஆனா எனக்குப் பேரு வேணும்னு அவருக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது மாமா. நீங்கள் சொல்லுங்கள்.

அட்டையைச் செய்தேன். படம், தேதி, அடியில் ஒரு பெயர். எப்போதும் போல வாசித்தேன். "மகள் திலகா. சரியாக்கா?" அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போன பிறகு, "சரி" என்றார்.

முதுகெலும்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடியும் தொழிலைத் தொடங்கிவிட்டேன். டாக்டரிடமும் கவிநேசன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். இனி கோப்பு என் கையை விட்டு யார் கைக்கும் போகாது. கவிதையும் கிடையாது.

தாரணி


புக்கிட் ரம்பாய்,
12 ஜூன் 2025

தாரணிக்கு,

தம்புசாமி எழுதுவது.

போன வாரம் சுங்கை ஊடாங் போனேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றேன். அந்தப் பெண் வந்து, "யாரு?" என்றது. பெயரைச் சொன்னேன். "தெரியும்" என்றது. கேட்டைத் திறக்கவில்லை.

பேருந்தில் போகும்போதே பேச வேண்டியதையெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. வாயைத் திறந்தேன். அது கையைக் காட்டி நிறுத்தியது.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா? சத்தமா கேக்காதீங்க லா மாமா. மாமியார் உள்ள இருக்காங்க."

எனக்கு மெதுவாகப் பேச வராது தாரணி. கொதிகலன் பக்கத்தில் முப்பத்து மூன்று வருடம் கத்தியே பேசியவன். முயற்சி செய்தேன், தொண்டையில் காற்றுதான் வந்தது. அது நின்று பார்த்தது. பிறகு "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டேன். கொண்டுபோன பழத்தைக் கேட்டில் மாட்டலாமா என்று யோசித்தேன். மருதமுத்து செய்தது போல ஆகிவிடும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் மேசையில்தான் இருக்கிறது, அழுகிவிட்டது.

அவளுக்குப் பெயர் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை.

அன்று காலை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பிய அறிவிப்பைக் கூட உட்கார்ந்திருந்த புவனேந்திரனிடம் காட்டினேன், என் கவிதைக்காக. அவன் கவிதையைப் படிக்கவில்லை. "எல்லாம் உன் மருமக வேலை. நீ வெறும் போஸ்ட்மேன் தானே லா. குடுத்தத அனுப்பு" என்றான். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். "நானா போஸ்ட்மேன்? இந்த ஊரில் எவனுக்கும் இல்லாத தைரியம் எனக்கு இருக்கிறது, பார்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெயரைத் தட்டினேன். அனுப்பிவிட்டுப் போனைத் தூக்கிக் காட்டினேன். கை தட்டினார்கள். அப்போது எனக்கு மருதமுத்துவும் நினைவில் இல்லை, அந்தப் பெண்ணும் நினைவில் இல்லை. நியாயம், சிலை, அதெல்லாம் பிறகு வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொண்டது.

கிளினிக்கைப் பற்றி எழுதியது தப்பு.

அக்கா போன் செய்தாள். கல்யாண அட்டையில் என் பெயர் இருக்கிறது என்றாள். எடுத்துவிடு. அந்தப் பெண்ணால் அப்பனைப் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. நான் மட்டும் மண்டபத்தில் மாலையோடு முதல் வரிசையில் உட்கார முடியாது. வெளியே நின்று எல்லாரிடமும் சொல்வேன் என்று எழுதினேனே, அதுவும் மாட்டேன். உனக்கும் நிம்மதியாக இருக்கும். இது நான் உனக்குச் செய்கிற மரியாதை என்று வைத்துக்கொள்.

தம்புசாமி


புக்கிட் பெருவாங்,
20 ஜூன் 2025

மாமா,

ஜூன் எட்டாம் தேதி அம்மா பட்டியல் சொன்னார். ஐம்பத்து நான்கு பெயர். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா சரி சொல்லிக்கொண்டே வந்தார்.

உங்கள் பெயர் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். என் வாயால் படிக்கப் பிடிக்கவில்லை. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஏன் நிறுத்துற? படி" என்றார்.

"தாய்மாமன் தம்புசாமி" என்று படித்தேன்.

"சரி" என்றார்.

சரி சொன்ன பிறகு நான் ஒரு பெயரைச் சேர்ப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. நீங்கள் கேட்டாலும் இல்லை, எனக்கே எடுக்க வேண்டும் போல் இருந்தாலும் இல்லை. இது மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்து மூன்று குரூப்புக்கு அனுப்பியதற்கும் நீங்கள் இப்படித்தான் ஒரு நல்ல பெயர் வைத்தீர்கள்.

அட்டை அச்சுக்குப் போய்விட்டது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டம் எதுவும் போடவில்லை. மேடையில் பேசுவதற்கு வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம்.

பிளாக்கை எடுக்கவில்லை. உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் பழத்தை முதலில் தூக்கிப் போடுங்கள், எறும்பு வரும்.

உங்கள் பெயர் அட்டையில் இருக்கும். கல்யாணத்தன்று அந்த முதல் வரிசை நாற்காலியில் ஆள் இருக்குமா என்பது என் தொழில் இல்லை.

தாரணி